அடுப்பும் அப்பீலும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

(இங்கிலாந்தில் ஓர் ஆலோசனை மையத்தில் மாற்றுத்திறனாளிகளின் மேல்முறையீட்டுக் காகிதங்களைத் தயாரித்துக் கொடுத்து, ஓய்வுபெற்றுச் சேலம் கன்னங்குறிச்சிக்குத் திரும்பிய எங்கள் ஆலோசகர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: என் மகள் இங்கிலாந்துக் குடியுரிமை பெற்று லெஸ்டரில் இருக்கிறாள். இரண்டு கை மூட்டுகளிலும் ருமட்டாய்டு வாதம். பிஐபி (Personal Independence Payment, நீண்ட நாள் நோயோ உடல் குறைபாடோ உள்ளவர்களுக்கு அங்கே அரசு தரும் பணம்) உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். தொலைபேசியில் விசாரித்தவரிடம், "இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் சமைக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். சமையலுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். மற்றவற்றில் மொத்தம் நான்கு மதிப்பெண். மறுபரிசீலனையிலும் அதே பதில். அப்பீல் போட்டிருக்கிறாள், அடுத்த மாதம் விசாரணை. சமைக்கத் தெரிந்தவளுக்கு உதவி கிடையாது என்பது என்ன நியாயம்? போன வருடம் நான் அங்கே தங்கியிருந்தபோது காய் நறுக்கியதும் குக்கரை இறக்கியதும் நான்தானே!
– ஒரு தாய், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் தீர்ப்பாயத்துக்குப் பயன்படக்கூடியது அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

சமைக்கத் தெரியுமா என்று அந்தச் சட்டம் கேட்பதே இல்லை. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத ஆண்பிள்ளையையும் இதே கோலால்தான் அளக்கிறார்கள். 1992-இல் வந்த பழைய உதவித்தொகையிலும் ஒரு சமையல் சோதனை இருந்தது. மொய்னா என்ற பெண்மணியின் வழக்கு 2003-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. விண்ணப்பதாரர் பிழைத்துக்கொள்வாரா, நல்ல சாப்பாடு சாப்பிடுவாரா என்று பார்க்கும் சோதனை அல்ல இது, குறைபாடு எவ்வளவு கடுமையானது என்று அளப்பதற்கான ஒரு மனக்கணக்கு என்று அங்கே விளக்கினார்கள். 2013-இல் பிஐபி வந்தபோது சோதனையின் வாசகம் மாறியது. கற்பனையாக ஒரு சாப்பாட்டை வைத்து அளக்கும் வழக்கம் மாறவில்லை.

அது என்ன சாப்பாடு? ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு வகை, புதிய பொருள்களைக் கொண்டு சமைத்தது. நம் ஊர்க் கணக்கில் ஒரு தட்டு அரிசிம்பருப்புச் சாதம். வெங்காயம் உரித்து, தக்காளி நறுக்கி, அடுப்பில் ஏற்றி, வெந்ததும் இறக்கிவிட்டால் முடிந்தது. ரசத்தையும் பொரியலையும் யாரும் கேட்கவில்லை. இன்னொன்று: சமைப்பது என்றால் இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ சூடாக்குவது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே கீழே இருக்கும் ஓவனுக்குக் குனிய முடியவில்லை என்று உங்கள் மகள் கால்மணி நேரம் பேசினாலும் மதிப்பெண் நகராது.

இப்போது கணக்குக்கு வருவோம். அன்றாட வாழ்க்கைக்குப் பத்துச் செயல்களைப் பார்க்கிறார்கள், சமையல் அதில் ஒன்று. யார் உதவியும் கருவியும் இல்லாமல் செய்ய முடிந்தால் பூஜ்யம். துணைக் கருவி வேண்டும் என்றால் இரண்டு. சாதாரண அடுப்பில் முடியாது, மைக்ரோவேவில் முடியும் என்றாலும் இரண்டு. ஒருவர் நினைவூட்டித் தூண்டினால்தான் நடக்கும் என்றாலும் இரண்டு. நறுக்குவதிலோ சமைப்பதிலோ இன்னொருவர் கைகொடுக்க வேண்டும், அல்லது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் நான்கு. அறவே முடியாது என்றால் எட்டு. ஒரே செயலுக்குள் இவற்றைக் கூட்டிக்கொள்ள முடியாது, பொருந்துவதில் உயர்ந்த ஒன்றைத்தான் எடுப்பார்கள். பத்துச் செயலிலும் சேர்த்து எட்டு வந்தால் சாதாரண விகிதத் தொகை, பன்னிரண்டு வந்தால் கூடுதல் விகிதம்.

உங்கள் மகளிடம் நான்கு இருக்கிறது. சமையலில் இரண்டு கிடைத்தால் ஆறு, அப்பீல் தோற்றுவிடும். நான்கு கிடைத்தால் எட்டு. ஆகவே வழக்கு முழுவதும் கருவி போதுமா, ஆள் வேண்டுமா என்ற ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. தீர்ப்பாயத்தில் உட்காரும் மூவரில் ஒருவர் நீதிபதி, ஒருவர் மருத்துவர், ஒருவர் மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையை அறிந்தவர். "மின்சார நறுக்கி வாங்கலாமே, பிடி தடித்த கத்தி இருக்கிறதே, கனமில்லாத பாத்திரம் வைக்கலாமே, உயர ஸ்டூலில் உட்கார்ந்து செய்யலாமே" என்று கேட்பார்கள். கேட்பது அவர்கள் கடமை. அதற்கு அழுகை பதிலாகாது. நறுக்கியின் மூடியைத் திருகி அடைக்க மணிக்கட்டு ஒத்துழைக்கிறதா? வெங்காயத்தை உரிக்காமல் அதில் போட முடியுமா? கொதிக்கும் பாத்திரம் எத்தனை முறை கைநழுவியது, தழும்பு எங்கே? இதையெல்லாம் சொல்ல வேண்டும்.

"நான்தான் சமைக்கிறேன்" என்றாளே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. பொய்யில்லை. ஆனால் நம் வீட்டுப் பெண்களுக்கு, கணவர் காய் நறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்ததும், பெரிய பையன் குக்கர் மூடியைத் திறந்ததும், மூன்று நாள் கடைப் பிரெட்டோடு முடிந்ததும் கணக்கிலேயே வராது. சாம்பார் கொதித்தால் "நான் வைத்த சாம்பார்" என்பார்கள். சேலத்திலும் அப்படித்தான், லெஸ்டரிலும் அப்படித்தான். நான் காகிதம் தயாரித்துக் கொடுத்த பெண்களில் பாதிப் பேரிடம் இந்தக் கௌரவத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆண்களிடம் வேறு தொல்லை: அடுப்படிப் பக்கமே போனதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள், அதற்கு மதிப்பெண் ஏது?

ஒரு செயலைச் செய்ய முடிகிறது என்று சொல்ல வேண்டுமானால் அதைப் பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க தரத்திலும், தேவைப்படும் போதெல்லாம் திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்திலும் செய்ய முடிய வேண்டும். நியாயமான நேரம் என்பது, அந்தக் குறைபாடு இல்லாதவருக்கு ஆகக்கூடிய அதிகபட்ச நேரத்தைப் போல இரண்டு மடங்குக்குள். மற்றவர்கள் அரை மணியில் முடிப்பதற்கு உங்கள் மகளுக்கு ஒன்றேகால் மணி ஆகிறது என்றால், சட்டப்படி அவளால் முடியவில்லை. மதியம் சமைத்துவிட்டு, வலியால் இரவு கரண்டியே பிடிக்க முடியாது என்றாலும் அப்படித்தான். பாதிக்கு மேற்பட்ட நாள்களில் இந்த நிலை இருக்க வேண்டும். நல்ல நாளும் உண்டு என்றால் அதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லா நாளும் ஒன்றுமே முடியாது என்பவரை அந்த மருத்துவ உறுப்பினர் இரண்டே கேள்வியில் பிடித்துவிடுவார்.

அப்பீலில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உதவித்தொகை வழங்கும் துறை முதலில் முடிவெடுத்த தேதியில் அவள் நிலை எப்படி இருந்ததோ, அதைத்தான் தீர்ப்பாயம் பார்க்கும். அதற்குப் பிறகு நோய் முற்றியிருந்தால் அதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே "இப்போதெல்லாம்" என்று தொடங்காமல், அந்த மாதத்தில் நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் கிடையாது. கையில் ஏற்கெனவே தொகை பெறுபவர் அப்பீலுக்குப் போனால் இருப்பதும் குறையலாம், உங்கள் மகளுக்கு அந்தப் பயமும் இல்லை.

இனி உங்கள் வேலை. நீங்கள் அங்கே தங்கியிருந்த மாதங்களைக் குறிப்பிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். "என் மகள் பாவம்" என்று எழுத வேண்டாம். அவள் எதை எடுத்தாள், எதைக் கீழே போட்டாள், நீங்கள் எதைச் செய்தீர்கள், நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அதை யார் செய்கிறார் என்று எழுதுங்கள். தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்து விசாரணைக்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் தங்கியிருந்த காலம் முடிவுத் தேதிக்கு அருகில் இருந்தால் அந்தக் கடிதத்துக்கு எடை கூடும்.

கேள்வி: மான்செஸ்டரில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு வலிப்பு மாதத்தில் இரண்டு மூன்று தடவை, சொல்லாமல் கொள்ளாமல் வரும். "பாதிக்கு மேற்பட்ட நாள்களில் வருவதில்லை" என்று பிஐபியை மறுத்துவிட்டார்கள். சரியா?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: சரியில்லை. எண்ண வேண்டியது வலிப்பு வந்த நாள்களை அல்ல, பக்கத்தில் ஆள் தேவைப்படும் நாள்களை. எப்போது வரும் என்று தெரியாதபோது கொதிக்கும் எண்ணெய் முன்னால் தனியாக நிற்பது எந்த நாளில் பாதுகாப்பு? 2017-இல் மேல் தீர்ப்பாயத்தின் மூன்று நீதிபதிகள் ஒரு வலிப்பு வழக்கையும் சேர்த்து விசாரித்து, ஆபத்து நேரும் வாய்ப்பை மட்டும் பார்க்காமல், நேர்ந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அப்பீலில் காட்டச் சொல்லுங்கள். முன்னறிகுறி உண்டா என்று கட்டாயம் கேட்பார்கள். நரம்பியல் மருத்துவரின் கடிதத்தில் அது தெளிவாக இருக்கட்டும்.

கேள்வி: நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளி. மழையில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கை மடங்குவதில்லை. 35 சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். சோறு வடிக்க முடியவில்லை என்றேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நம் நாட்டில் சமையலுக்கு மதிப்பெண் இல்லையா?
– வாசகி, ஏற்காடு

பதில்: இல்லை அம்மா. குறைபாட்டின் சதவீதத்தை அளக்க நம் அரசு வைத்திருக்கும் வழிகாட்டு நெறியில் கைக்கு மூட்டு அசைவு, தசை வலிமை, ஒருங்கிணைந்த செயல் என்று பார்க்கிறார்கள். இந்த மூன்றாவதில் பத்துச் செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 9 சதவீதம். கையால் சோறு உண்பது, தலை வாரிப் பின்னுவது, பொத்தான் போடுவது, உயரத்தில் இருக்கும் பொருளை எடுத்து வைப்பது எல்லாம் அதில் உண்டு. சோற்றை உண்பது இருக்கிறது, வடிப்பது இல்லை! பட்டியலை எழுதியவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ஆனால் முழங்கை மடங்காதவருக்கு உண்பதும் பின்னுவதும் சிரமம்தானே? அவற்றைச் செய்து காட்டச் சொன்னார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 40 சதவீதம் இருந்தால்தான் பல சலுகைகளுக்கு வாசல் திறக்கும் என்பதால் உங்களுக்கு அந்த ஐந்து முக்கியம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, சான்றிதழ் வழங்கியவரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. யாரிடம், எந்தப் படிவத்தில் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். எக்ஸ்ரே, பிசியோதெரபி சீட்டு, பழைய சான்றிதழ் மூன்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.