மொபைலில் சர்வைவல் ஹாரர் கேம், அதாவது பயத்துக்கு நடுவே தப்பிப் பிழைக்கிற திகில் கேம், விளையாடினால் உண்மையிலேயே பயம் வருமா? கதையை ரசிக்க முடியுமா?

வரும். எனக்கு வந்த இடம் ஆம்னி பஸ்ஸின் மேல் பெர்த்.

மாதம் இரண்டு தடவை மதுரைக்கும் சென்னைக்கும் ராத்திரி பஸ்ஸில் போய் வருகிறவன் நான். பஸ்ஸில் எனக்குத் தூக்கம் பிடிக்காது. ஏதாவது படம் போட்டால் பாதி வழியில் சிக்னல் போய்விடும். நெட் இல்லாமல் ஓடுகிற கேம் ஒன்று வேண்டும் என்றுதான் 'ஏலியன்: ஐசொலேஷன்' வாங்கினேன். உள்ளங்கை அகலத் திரையில் என்ன பெரிதாகப் பயம் வந்துவிடப்போகிறது என்ற உங்கள் சந்தேகம் எனக்கும் இருந்தது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1979-இல் வந்த 'ஏலியன்' படக் கதை முடிந்து பதினைந்து வருடம் கழித்து, 2137-இல் நடக்கிறது இந்த கேம். படத்தில் வரும் எல்லன் ரிப்ளியின் மகள் அமாண்டாதான் நாம். அம்மா போன கப்பல் என்ன ஆனது என்றே தெரியாமல் வளர்ந்தவள். அந்தக் கப்பலின் பதிவுப் பெட்டி செவஸ்டோபோல் என்ற விண்வெளி நிலையத்தில் இருப்பதாகத் தகவல் வர, கிளம்பிப் போகிறாள். போய்ச் சேரும்போது நிலையமே குலைந்து கிடக்கிறது. மிச்சம் இருக்கும் மனிதர்கள் ஒருவரையொருவர் சுடுகிறார்கள். காற்றுக் குழாய்களுக்குள் ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது.

செய்தவர்கள் இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்ப்ளி. 'டோட்டல் வார்' வரிசையில் ஆயிரக்கணக்கான வீரர்களைத் திரையில் மோதவிட்டே பெயர் வாங்கியவர்கள், இதில் பெரும்பாலும் ஒரே ஒரு பிராணியை வைத்துப் பதினெட்டு மிஷன்களை நகர்த்திவிட்டார்கள். பிசிக்கும் கன்சோலுக்கும் 2014 அக்டோபரில் வந்தது. மொபைலுக்குக் கொண்டுவந்தது ஃபெரல் இன்டராக்டிவ், 2021 டிசம்பரில். வெட்டிச் சுருக்கிய பதிப்பு இல்லை, முழு கேமும், பிற்பாடு கூடுதலாக வெளியிட்ட ஏழு டிஎல்சி பகுதிகளும் சேர்ந்தே வரும்.

அந்தப் பிராணியைக் கொல்ல முடியாது. பிற்பாடு தீ பீய்ச்சும் கருவி கிடைக்கும், அதுவும் கொஞ்ச நேரம் விரட்டி வைக்கத்தான். அது எப்படி நம்மைத் தேடுகிறது என்பதில்தான் கேமின் உயிரே இருக்கிறது. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது, ஆட்டத்தில் சேராத வாண்டு ஒன்று எல்லார் ஒளிந்த இடத்தையும் பார்த்து வைத்துக்கொண்டு, தேடுகிறவனிடம் "அந்தப் பக்கம்" என்று பொத்தாம்பொதுவாகக் கை காட்டும் இல்லையா? இதன் நிரலிலும் அப்படி ஒரு வாண்டு உண்டு. நாம் இருக்கும் இடம் அதற்கு எப்போதும் தெரியும். ஆனால் பிராணிக்கு ஏரியாவை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். மீதியைப் பிராணி தன் கண்ணையும் காதையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரொம்ப நேரம் நம்மைச் சுற்றியே திரிந்து நெருக்கினால், அந்த வாண்டே அதைக் குழாய்க்குள் திருப்பி அனுப்பிவிடும். அதனால் அது எந்த நேரம் வரும், எந்த நேரம் போகும் என்று மனப்பாடம் பண்ண வழியில்லை. செத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி ஆரம்பித்தால் வேறு வழியில் வருகிறது.

இனி பஸ். ஐந்தாவது மிஷன், மருத்துவப் பிரிவு. காயம்பட்ட கூட்டாளிக்கு ஒரு சிகிச்சைப் பெட்டி தேடிப் போகவேண்டும். இந்த கேமை நிறையப் பேர் பாதியில் விடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன், நானே இரண்டு பயணங்களில் விட்டிருக்கிறேன். மூன்றாவது பயணத்தில், திருச்சி தாண்டியபின், விளக்கெல்லாம் அணைந்த பஸ்ஸில், திரைச்சீலையை இழுத்துவிட்டு, காதில் இயர்போன். அமாண்டா ஒரு லாக்கருக்குள் ஒளிந்திருக்கிறாள். கதவில் இருக்கும் இடுக்கு வழியாகத்தான் வெளியே தெரியும். தொம் தொம் என்று கால் சத்தம் நெருங்கி நின்றது. அது குனிந்து முகர்ந்து பார்க்கும்போது நாம் பின்னால் சாய்ந்து மூச்சைப் பிடிக்க வேண்டும். ரொம்ப நேரம் பிடித்தால் உடம்பு கெடும், விட்டால் கேட்டுவிடும். அமாண்டாவோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து என் திரைச்சீலை சர்ரென்று விலகியது.

"அண்ணே, பத்து நிமிசம் நிக்கும். டீ குடிக்கிறவங்க இறங்குங்க."

கிளீனர் பையன். நான் போட்ட சத்தத்தில் கீழ் பெர்த் அம்மா எழுந்து, "என்னாச்சுப்பா, ஏதும் கெட்ட கனவா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. டிவியில் ஆடினால் பயம் எட்டடி தள்ளி இருக்கிறது, பக்கத்தில் சோபா இருக்கிறது, அடுக்களைச் சத்தம் கேட்கிறது. போனில் அது முகத்திலிருந்து ஒரு சாண் தூரம். இயர்போன் வேறு எல்லாச் சத்தத்தையும் அடைத்துவிடும், இந்த கேமோ முக்கால்வாசி சத்தம்தான். எதிரி இருக்கும் திசையை அறிய கையில் ஒரு மோஷன் டிராக்கர் உண்டு. அதன் 'பிப்' ஒலியைக் கிட்டத்தில் இருந்தால் பிராணியும் கேட்கும். போன் ஸ்பீக்கரில் ஆடினால் பாதி கேம் போயிற்று. பகலில் ஆடுவதும் வீண். காட்சிகள் அத்தனை இருட்டு, கறுப்புத் திரையில் நம் மூஞ்சிதான் தெரியும். அது வேறு வகைப் பயம்.

டச் கன்ட்ரோல் எப்படி என்று பலர் கேட்பார்கள். சுடுகிற கேம்களுக்கு எனக்குத் தொடுதிரை ஒத்துவராது, விரல் தடுமாறும். இங்கே பெரும்பாலும் குனிந்து மெல்ல நடப்பதும் ஒளிவதும்தான் என்பதால் பொருந்திப்போகிறது. பொத்தான்களை நகர்த்தி, பெரிசாக்கி வைத்துக்கொள்ளலாம். கேம்பேட் இருந்தால் இன்னும் நல்லது.

என்னைப் படுத்தியது சேவ் செய்யும் முறை. நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாது. சுவரில் அங்கங்கே இருக்கும் பெட்டியில் கார்டைச் செருகி, மூன்று விளக்கும் ஒவ்வொன்றாக எரியும்வரை நிற்க வேண்டும். அந்தச் சில விநாடிக்குள் முதுகில் குத்து வாங்கிச் செத்ததும் உண்டு. கன்சோலில் இது பதற்றத்தைக் கூட்டும் நல்ல உத்தி. போனிலோ நடுவில் அழைப்பு வரும். எனக்கு வந்தது அம்மாவிடமிருந்து: "ஏப்பா, ஏசி ரொம்ப அடிச்சா அந்தத் துண்டத் தலையில சுத்திக்க." பேசி முடித்துத் திரும்பினால் கேம் முதலிலிருந்து லோடு ஆகிறது. என் போனில் ரேம் குறைவு, பின்னணியில் இருக்கும் ஆப்பைத் தூக்கிவிடும். சேவ் பண்ணாத நாற்பது நிமிடம் காலி. இப்போதெல்லாம் அம்மாவிடம் பேசி முடித்த பிறகே ஆரம்பிக்கிறேன்.

கதையை ரசிக்க முடியுமா என்ற இரண்டாவது கேள்விக்கு அரைகுறையாகத்தான் ஆமாம் சொல்வேன். செவஸ்டோபோலில் என்ன நடந்தது என்பதில் பெரும்பகுதி பழைய மாடல் கணினிகளில் கிடக்கும் கடிதங்களிலும் ஒலிப்பதிவுகளிலும்தான் இருக்கிறது. அந்தக் கணினித் திரைகள் அசல் பழசாகத் தெரிய, படங்களை விஎச்எஸ் வீடியோ டேப்பில் பதிந்து, பழைய டிவியில் ஓட்டி, சிதைந்து வருவதை எடுத்துச் சேர்த்தார்களாம். அழகுதான். ஆனால் ஓடும் பஸ்ஸில் அந்தப் பொடி எழுத்துகளைப் படித்தால் தலை வலிக்கும். நான் பலவற்றைப் படிக்காமல் தாண்டினேன், அதனால் சில ஆட்கள் ஏன் செத்தார்கள் என்பது புரியாமலே போயிற்று.

கதைதான் முக்கியம், போனும் சுமார் என்றால் தைவானின் 'டிடென்ஷன்' எடுத்துக்கொள்ளுங்கள். 2டி கேம், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 1960-களில், ராணுவச் சட்டம் நிலவிய தைவானில், மலைப்பகுதிப் பள்ளி ஒன்றில் நடக்கிறது. அதிலும் ஆவிகளைத் தாண்ட மூச்சைப் பிடிக்கவேண்டும். அங்கே ஆவிகளைவிட, தடை செய்த புத்தகம் படித்ததை யார் காட்டிக்கொடுத்தார்கள் என்ற கேள்விதான் மனதை அறுக்கும். ஏலியன் முடித்த பின் இதைத் தொட்டேன், ஒரே இரவில் முடித்தேன்.

ஏலியனே வேண்டும் என்றால் போனில் 11 ஜிபி ஒதுக்குங்கள், டவுன்லோடு ஆகும் நேரத்தில் அதற்கு இரட்டிப்பு காலியாக இருந்தால் சிக்கல் வராது. பவர் பேங்க் கட்டாயம். போன் இஸ்திரிப்பெட்டி மாதிரி சுடும்.

நான் இப்போது அடுத்த சிரம நிலையில் இரண்டாம் தடவை ஆடிக்கொண்டிருக்கிறேன். மறுபடியும் அதே மருத்துவப் பிரிவு. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று, இந்தத் தடவை கீழ் பெர்த்தான் கிடைத்தது.