யாரும் வாங்காத ரெக்கார்டு எப்படி மைல்கல் ஆகிறது? கராஜ் மாமாவின் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுக் கராஜில் பழைய ரெக்கார்டுகளை அடுக்கி வைத்து, வாங்குவதும் விற்பதுமாக முப்பது வருஷம் ஓட்டியவன் நான். ராக் ஆல்பங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இந்த நாட்டின் ஊர்களிலிருந்து வந்தவற்றில் சில இங்கே.

ஃபீனிக்ஸிலிருந்து: மாமா, விற்காமல் போன ஆல்பத்தையெல்லாம் 'மைல்கல்' என்கிறார்களே, விற்காததே ஒரு தகுதியா?

இல்லை கண்ணு. விற்காத ரெக்கார்டுகளில் பெரும்பாலானவை விற்காததற்கு நல்ல காரணம் இருக்கும்: பாட்டு நன்றாக இல்லை. அபூர்வம் என்பது கிடைக்காததற்குப் பெயர், தரத்துக்குப் பெயர் அல்ல. விலையும் அப்படித்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ரெக்கார்டைக் கேட்ட எவனாவது, அதுவரை துணியாத ஒன்றைச் செய்தானா? செய்திருந்தால் மைல்கல். இல்லையென்றால் நல்ல ஆல்பம், அவ்வளவுதான். நல்ல ஆல்பமாக இருப்பது ஒன்றும் குறைச்சல் இல்லை.

லெனேசியாவிலிருந்து: நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், பெர்னோல்டஸ் நீமாண்ட். 'நீமாண்ட்' என்றால் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'யாருமில்லை'. ஸ்பிரிங்ஸ் ஊரில் வளர்ந்த ஜேம்ஸ் பிலிப்ஸ் என்ற ஆங்கிலம் பேசும் வெள்ளைக்காரப் பையன் தனக்கு வைத்துக்கொண்ட முகமூடி அது. 1980களின் நடுவில் ஷிஃப்டி ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி அந்தப் பெயரில் அவன் ஆல்பத்தை வெளியிட்டது. ஷிஃப்டியை நடத்திய லாய்ட் ராஸ் ஒரு கேரவன் வண்டிக்குள் ஸ்டூடியோ வைத்திருந்தவர்.

அதில் 'ஹௌ மை ஃபாஸ், கோர்ப்போரால்' என்று ஒரு பாட்டு. கட்டாய ராணுவச் சேவைக்குப் போன பையன், "கார்ப்பரலே, என்னைக் கட்டிப் பிடித்துக்கொள்" என்கிறான். அரசு வானொலி அதை ஒலிபரப்ப மறுத்தது. வேறென்ன செய்வார்கள்!

விஷயம் பாஷையில் இருக்கிறது. அன்றைக்கு, வெள்ளையரின் நிறவெறி ஆட்சியில், ஆஃப்ரிகான்ஸ் என்றால் சர்ச், அரசாங்கம், போலீஸ். அதைத் தெருவிலும் பட்டாளத்திலும் பேசுகிற மாதிரியே, கெட்ட வார்த்தையும் ஆங்கிலமும் கலந்து ராக்கில் பாடினான். நம் ஆயாக்கள் கரும்புத் தோட்டத்தில் பேசிய தமிழில், ஜூலுவும் ஆங்கிலமும் கலந்த அந்தத் தமிழில், ஒருவன் கிட்டாரை மாட்டிக்கொண்டு கோயில் திருவிழா மேடையில் நின்றால் பெரியவர்கள் முகம் எப்படிப் போகும்? அப்படித்தான் போயிற்று.

ரெக்கார்டு பெரிதாக விற்கவில்லை. ஆனால் 1989இல் யோஹானஸ் கெர்கோரல், கூஸ் கோம்பெய்ஸ் முதலான ஆஃப்ரிகான்ஸ் ராக் பாடகர்கள் 'ஃபூல்ஃப்ரை' என்ற பெயரில் ஊர் ஊராகப் போய்ப் பாடியபோது, ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் வளாகத்துக்குள் விடமாட்டேன் என்றது. அந்தக் கூட்டத்தில் பெர்னோல்டஸும் இருந்தான். கதவைத் திறந்தவனே ஊர்வலத்திலும் நடந்தான்.

மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: டெட்ராய்ட்டின் 'டெத்' குழுதான் பங்க் ராக்கின் முதல் மைல்கல் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். சரியா அண்ணே?

ஹேக்னி சகோதரர்கள் மூன்று பேர். 1975இல் பதிவு செய்தார்கள், நியூயார்க்கின் பங்க் குழு ரமோன்ஸின் முதல் ஆல்பத்துக்கு ஒரு வருஷம் முன்னால். 'சாவு' என்ற பெயரை மாற்று என்றது பெரிய கம்பெனி, முடியாது என்றார்கள். ஆல்பம் 2009இல்தான் வெளியே வந்தது. முந்திப் பிறந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் காட்டுக்குள் புதைந்து கிடந்த கல்லைப் பார்த்து யார் வழி நடந்தார்கள்? உங்கள் மகன் என்னோடு சண்டைக்கு வரட்டும், டீ போட்டு வைக்கிறேன்.

டோங்காட்டிலிருந்து: ஃப்ரீடம்ஸ் சில்ட்ரனின் 'அஸ்ட்ரா' ஆல்பத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு மாமா?

நம் டர்பனில் 1966இல் கிளம்பிய குழு. 'ஃப்ரீடம்' என்ற சொல்லே அன்றைய வானொலிக்கு ஒவ்வாது. ஆரம்ப ரெக்கார்டுகளில் 'ஃப்ளீடம்' என்று அச்சடிக்க வேண்டியிருந்தது. 'ஃப்ளீ' என்றால் தெள்ளுப்பூச்சி; விடுதலை தெள்ளுப்பூச்சியாகிவிட்டது! 1970இல் வந்த அஸ்ட்ராவிலும் இதே கூத்து. பாட்டின் தலைப்பில் ஏசுவின் ஊரான 'நாசரேத்' இருந்தால் வம்பு என்று 'ஹாசரேத்' ஆக்கினார்கள். மேலட்டையைத் திருப்பிப் பாருங்கள், இன்றைக்கும் அப்படியேதான் இருக்கும்.

இசைக்கு வருகிறேன். ஜூலியன் லாக்ஸ்டன் தானே செய்த எதிரொலிப் பெட்டி வழியாகக் கிட்டாரை விட்டார். ஒரு தந்தியைத் தட்டினால் அது போய்த் திரும்பி வந்து, அடுத்த தட்டலின் மேல் ஏறி உட்காரும். ஆர்கன் அதற்கடியில் இழையும். ராம்ஸே மெக்கேயின் பேஸ் கிட்டார் தரையில் ஊர்வது போல. வெளிநாட்டுக் கருவிக்குக் காத்திராமல் இருந்ததை வைத்து விண்வெளியைக் கட்டினார்கள்.

எச்சரிக்கை: முதல் பதிப்பு என்று ஒரு வியாபாரி என் தலையில் மறுபதிப்பைக் கட்டினார். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வழுக்கையாக ஓர் இடம் இருக்குமே, அங்கே கீறியிருக்கும் எண்ணை டார்ச் அடித்துப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். நான் அட்டையைப் பார்த்து மயங்கினேன்.

மறுபடி ஃபீனிக்ஸிலிருந்து: உங்கள் கணக்குப்படி பார்த்தால் அஸ்ட்ரா தேறாதே மாமா? அதைக் கேட்டு யார் என்ன செய்தார்கள்?

பிடித்துவிட்டாயே! லண்டன், அமெரிக்கா என்று பார்த்தால் தேறாது. அங்கே அது போய்ச் சேரவே இல்லை. இந்த நாட்டுச் சாலையில் நட்ட கல் என்று மட்டும் சொல்வேன்: வெளிநாட்டுப் பாட்டை நகல் எடுக்காமல் ஒரு முழு ஆல்பத்தையும் சொந்தமாக, ஒரே மூச்சாகச் செய்யலாம் என்று இங்குள்ள பையன்களுக்குக் காட்டியது. இது டர்பன்காரன் பாசம் என்றால் அதையும் மறுக்கமாட்டேன்.

ஜோஹானஸ்பர்கிலிருந்து, சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர்: அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸ் பற்றிய ஆவணப்படம் பார்த்தேன் சார். அவருடைய 'கோல்ட் ஃபாக்ட்' ஆல்பம் மைல்கல்தானே?

1970இல் வந்தது. அவருடைய டெட்ராய்ட்டில் குடத்திலிட்ட விளக்கு, இங்கே குன்றின்மேலிட்ட விளக்கு. மேடையிலேயே செத்துவிட்டார் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்க, 1998இல் அவர் இங்கே வந்து பாடினார்! இசையில் புதுப் பாதை எதுவும் போடவில்லை என்பது என் கட்சி. ஆனால் மேலே சொன்ன ஆஃப்ரிகான்ஸ் பையன்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். எனக்கு அது முதலில் கிடைத்தது அண்ணன் கொண்டுவந்த கேசட்டில், அட்டை இல்லாமல். பாடுபவன் கறுப்பா வெள்ளையா என்றே தெரியாமல் ஒரு வருஷம் கேட்டேன்.

ஓவர்போர்ட்டிலிருந்து: வெள்ளையர் அல்லாத நம் பக்கத்துப் பையன்கள் யாருமே இல்லையா?

ஏன் இல்லை? டர்பனின் தி ஃப்ளேம்ஸ்! ஃபடார் சகோதரர்கள் மூவரும் பிளாண்டி சாப்ளினும். லண்டனில் இவர்கள் வாசித்ததை அமெரிக்காவின் புகழ்பெற்ற பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சன் கேட்டு, அமெரிக்கா அழைத்துப் போய், தானே தயாரித்து 1970இல் 'தி ஃப்ளேம்' ஆல்பத்தை வெளியிட்டார். நான்கு ஸ்பீக்கருக்கென்று கலந்த பதிப்பும் வந்தது. விற்கவில்லை. ஆனால் ரிக்கி ஃபடாரும் பிளாண்டியும் 1972இல் பீச் பாய்ஸிலேயே சேர்ந்தார்கள். 'செயில் ஆன், செயிலர்' பாடும் குரல் பிளாண்டியுடையது. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் கடற்கரையில் கால் வைக்க முடியாத பையன், கடற்கரையின் பெயரையே வைத்துக்கொண்ட குழுவில் பாடினான்.

வெருலத்திலிருந்து: தாத்தா விட்டுப்போன ரெக்கார்டு பெட்டி ஒன்று பரணில் இருக்கிறது மாமா. தூசி, பூஞ்சை. தூக்கிப் போட்டுவிடலாமா?

ஐயோ, வேண்டாம். முதலில் பரணிலிருந்து இறக்குங்கள், டர்பன் வெயிலில் தகரத்தடியில் தட்டு வளைந்துவிடும். படுக்கப் போடாமல் புத்தகம் போல நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள் (தடவியவர்கள் இருக்கிறார்கள்). வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, லேபிள் நனையாமல், வரியின் போக்கிலேயே மெல்லிய துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு அட்டையையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பழைய தமிழ்ப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு ஃப்ளேம்ஸ் இருந்தால், விலை பேசாமல் நானே வெருலத்துக்கு வருகிறேன்.