நெட்வொர்க் ஃபோல்டரும் அனுமதிச் சிக்கல்களும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இரண்டு லினக்ஸ் மெஷின்களில் ஒரே என்எஃப்எஸ் ஷேரை (நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபோல்டரை) மவுன்ட் செய்து இணைத்திருக்கிறேன். ஒன்றில் நான் உருவாக்கிய ஃபைல் மற்றதில் வேறொருவர் பெயரில் தெரிகிறது. ஏன்?

பதில்: வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ் சர்வர் உங்கள் பெயரைப் பார்த்து அனுமதி தருவதில்லை. கிளையன்ட் மெஷின், அதாவது ஷேரை மவுன்ட் செய்த மெஷின், அனுப்பும் யூஐடி என்ற பயனர் எண்ணைத்தான் பார்க்கிறது. முதல் மெஷினில் நீங்கள் 1001. இரண்டாவதில் அதே 1001 இன்னொருவருக்குப் போயிருக்கும். பெயர் மாறித் தெரிவதோடு இது நிற்காது, அவரால் உங்கள் ஃபைலைத் திருத்தவும் முடியும். எல்டேப் (பயனர் விவரங்களை மையமாக வைத்திருக்கும் சேவை) போல ஒரே இடத்திலிருந்து எல்லா மெஷினுக்கும் எண் கொடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் சொந்த லேப்டாப்பில் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, இருப்பவர் எல்லாருடைய ஃபைலையும் படிக்கலாமா சார்?

பதில்: ரூட் என்ற பெயரில் நேரடியாகப் படிக்க முடியாது. சர்வரில் ரூட் ஸ்குவாஷ் என்ற பாதுகாப்பு இயல்பாகவே இயங்கும். அது ரூட்டின் எண்ணான 0-ஐ, தனி உரிமை ஏதுமில்லாத 'நோபடி' பயனரின் எண்ணான 65534 ஆக்கிவிடும். ஆனால் அதே ஆள் தன் லேப்டாப்பில் 1001 ஆக மாறிக்கொண்டு வந்தால் சர்வர் அப்படியே நம்பிவிடும். ஷேரை யாருக்குத் திறப்பது என்று சர்வரில் இருக்கும் எக்ஸ்போர்ட் பட்டியலில் அந்த லேப்டாப்பின் ஐபி இருந்தாலே போதும். பலர் ரூட் ஸ்குவாஷைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் எனக்குக் கவலை. ஆள் யார் என்பதைச் சர்வரே உறுதிசெய்ய வேண்டுமென்றால் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வேண்டும். அதில் மூன்று நிலைகள். கேஆர்பி5 ஆளை உறுதிசெய்யும், கேஆர்பி5ஐ வழியில் தரவை யாரும் மாற்றாமல் காக்கும், கேஆர்பி5பி தரவை மறையாக்கமும் செய்யும். சம்பளப் பட்டியல் மாதிரியான ஃபைல் இருந்தால் கடைசியைத்தான் போடச் சொல்வேன்.

கேள்வி: நான் 20 குரூப்களில் இருக்கிறேன். சில ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை.

பதில்: கெர்பரோஸ் இல்லாத என்எஃப்எஸ் கோரிக்கையில் 16 கூடுதல் குரூப்களுக்குத்தான் இடம். மீதி வெட்டுப்படும். சர்வரில் மவுன்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் மவுன்ட்டி புரோகிராமுக்கு 'மேனேஜ் ஜிஐடிஸ்' ஆப்ஷன் கொடுங்கள், குரூப்களைச் சர்வரே தேடிக்கொள்ளும்.

கேள்வி: செட்எஃப்ஏசிஎல் மூலம் மீனாவுக்கு எழுதும் அனுமதி கொடுத்தேன். நேற்று வரை வேலை செய்தது, இன்று மறுக்கிறது.

பதில்: இடையில் யாரோ அந்த ஃபோல்டரில் அனுமதியை மாற்றும் சிஹெச்மோட் கட்டளையை 750 என்று போட்டிருப்பார்கள். ஏசிஎல் (செட்எஃப்ஏசிஎல் போடும் தனி அனுமதிப் பட்டியல்) இருக்கும் இடத்தில் நடு எண்ணான 5 குரூப்பின் அனுமதியை மாற்றாது, மாஸ்க்கை மாற்றும். மாஸ்க்தான் பெயர் குறிப்பிட்டுக் கொடுத்த அனுமதிகளுக்கெல்லாம் உச்சவரம்பு. கெட்எஃப்ஏசிஎல் ஓட்டிப் பாருங்கள். மீனாவின் வரியில் படிப்பது, எழுதுவது, நுழைவது மூன்றும் அப்படியே இருக்கும். பக்கத்தில் 'எஃபெக்டிவ்' என்று போட்டு எழுதும் அனுமதி இல்லாமல் காட்டும். மாஸ்க்கை மட்டும் திரும்ப உயர்த்தினால் சரியாகிவிடும்.

கேள்வி: விண்டோஸ் ஷேரில் 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்தும் சேமிக்க முடியவில்லை.

பதில்: ஷேர் அனுமதி ஒன்று, டிஸ்க்கில் உள்ள ஃபைலுக்கான என்டிஎஃப்எஸ் அனுமதி இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வரும்போது இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். செக்யூரிட்டி டேப்பில் அந்த குரூப்புக்கு 'மாடிஃபை' இருக்கிறதா பாருங்கள்.