வாசகர் கேள்வி – பதில்: ஜென்னருக்கு முன்பே அம்மை குத்திய பண்ணைக்காரர்

கேள்வி: அம்மைத் தடுப்பூசி என்றால் ஜென்னர் என்றுதான் பள்ளியில் படித்தோம். அவருக்கும் முன்னால் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் அதைச் செய்துவிட்டார் என்கிறான் என் மகன். உண்மையா?

உண்மைதான். அவர் பெயர் பெஞ்சமின் ஜெஸ்டி. இங்கிலாந்தில், டார்செட் பகுதியில், யெட்மின்ஸ்டர் என்ற கிராமத்தில் மாடு வைத்து விவசாயம் பார்த்தவர், மருத்துவம் படித்தவர் இல்லை. 1774-ல் அந்தப் பக்கம் பெரியம்மை பரவியது. தன்னைப் பற்றி அவருக்குப் பயமில்லை, ஏனென்றால் அவருக்கு ஏற்கெனவே மாட்டம்மை வந்து போயிருந்தது. பசுவின் மடியிலும் காம்பிலும் கொப்புளம் கிளம்பும், கறப்பவர் கையில் தொற்றும், கொஞ்ச நாளில் ஆறிவிடும், அவ்வளவுதான் மாட்டம்மை. இது வந்தவர்களைப் பெரியம்மை அண்டாது என்பது அந்த ஊர்ப் பால்காரர்கள் மத்தியில் புழங்கிய பேச்சு. ஜெஸ்டி அதைத் தன் பண்ணையிலேயே பார்த்திருக்கிறார். அவரிடம் வேலை செய்த ஆன் நாட்லி, மேரி ரீட் என்ற இரண்டு பெண்களும் பெரியம்மையில் படுத்துவிட்ட சொந்தக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தார்கள், இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருவருக்குமே முன்பு மாட்டம்மை வந்திருந்தது.

மனைவி எலிசபெத்துக்கும் இரண்டு பையன்களுக்கும் அது வந்ததில்லை. பக்கத்தில் செட்னோல் என்ற ஊரில் ஒருவருடைய மாடுகளுக்கு மாட்டம்மை கண்டிருப்பது தெரிந்ததும், மூவரையும் அங்கே கூட்டிப்போனார். பசுவின் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, காலுறை பின்னுகிற ஊசியால் மனைவிக்கு முழங்கைக்குக் கீழேயும் பையன்களுக்கு முழங்கைக்கு மேலேயும் கீறி ஏற்றினார். பெரியவனுக்கு மூன்று வயது, சின்னவனுக்கு இரண்டு. ஜென்னர் இதைச் செய்தது 1796-ல், 22 ஆண்டுகள் கழித்து.

கேள்வி: பெற்ற பிள்ளைகள் மேலேயே சோதித்துப் பார்ப்பது கொடுமை இல்லையா?

இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது சுலபம். அன்று இருந்த வழிகள் என்னென்ன என்று பாருங்கள். சும்மா இருந்து பெரியம்மை வந்தால் நாலைந்து பேரில் ஒருவர் செத்துப்போவார். பிழைத்தவர்களுக்கும் முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண் போய்விடும். இல்லையென்றால் பெரியம்மைச் சீழையே எடுத்துக் கையில் குத்திக்கொள்வது. மருத்துவர்கள் காசு வாங்கிக்கொண்டு செய்த முறை அது, அதிலும் நூற்றில் ஒன்றிரண்டு பேர் இறந்தார்கள், போதாததற்குக் குத்திக்கொண்டவரிடமிருந்து பக்கத்து வீட்டுக்கும் தொற்றும். ஜெஸ்டி எடுத்த வழி இவை இரண்டையும்விடச் சாதுவானது, அதைத் தன் உடம்பிலேயே அனுபவித்தும் இருந்தார். என்னைக் கேட்டால் அவர் செய்தது சரி.

ஆனால் ஒன்று, இந்தக் கதையில் பெரிய விலை கொடுத்தவர் எலிசபெத். பையன்கள் சீக்கிரம் தேறிவிட்டார்கள், அவருக்குக் கை வீங்கிப் பழுத்து, காய்ச்சல் ஏறி, பிழைப்பாரா என்று பயப்படும் அளவுக்குப் போய்த்தான் சரியானது. ஊர் சும்மா இருக்குமா? மாட்டின் நோயை மனுஷர் உடம்பில் ஏற்றினான் என்று ஆத்திரப்பட்டு, ஜெஸ்டி சந்தைக்குப் போகும்போதெல்லாம் கூச்சல் போட்டு, திட்டி, கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருக்கிறார்கள். 15 ஆண்டுகள் கழித்து அந்தப் பையன்களுக்கு ஒரு மருத்துவர் பெரியம்மைச் சீழைக் குத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி: அப்படியென்றால் பெயரும் பணமும் ஜென்னருக்குப் போனது அநியாயம்தானே?

முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு மாட்டம்மையைக் குத்தி, அப்புறம் பெரியம்மையைக் குத்திச் சோதித்து, மற்றவர்கள் அனுபவங்களையும் திரட்டி 1798-ல் அச்சிட்டு, கேட்ட ஊருக்கெல்லாம் மருந்தை அனுப்பிவைத்தவர் ஜென்னர். அது நடந்திருக்காவிட்டால் ஜெஸ்டியின் ஊசி அந்த ஒரு வீட்டோடு நின்றிருக்கும். நாடாளுமன்றம் ஜென்னருக்கு 1802-ல் 10,000 பவுண்டும் 1807-ல் 20,000 பவுண்டும் கொடுத்தது. ஜெஸ்டிக்கு அதில் ஒரு காசு இல்லை, எனக்கு வருத்தம் அதில்தான்.

அவருக்காக வாதாடியவர் யார் தெரியுமா? ஆண்ட்ரூ பெல். சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்தி, மூத்த பிள்ளைகளே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் திண்ணைப் பள்ளி வழக்கத்தை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன அதே பெல். ஊர் திரும்பி டார்செட்டில் ஸ்வானேஜ் என்ற இடத்தில் பாதிரியாராக இருந்தபோது, பக்கத்தில் குடியேறியிருந்த ஜெஸ்டியின் கதை தெரிந்து 1803-ல் எழுதி அனுப்பினார். அதன் பலனாக 1805-ல் லண்டனில் ஒரு தடுப்பூசி நிறுவனம் ஜெஸ்டியை வரவழைத்து, தங்கப் பிடி போட்ட இரண்டு குத்தூசிகளும் 15 கினி செலவுப் பணமும் கொடுத்து, அவர் படத்தையும் வரையச் செய்தது. லண்டன் போகிறோமே, நல்ல உடுப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று வீட்டில் சொன்னதற்கு, ஊரில் போடுவதைவிட உசத்தியாக அங்கே எதற்கு என்று மறுத்துவிட்டாராம். படத்துக்கு அசையாமல் உட்காரவும் பொறுமை இல்லை, ஓவியரின் மனைவி பியானோ வாசித்து உட்கார வைத்திருக்கிறார்.

கேள்வி: கடைசியில் அவர் என்ன ஆனார்?

பண்ணையிலேயே வாழ்ந்து, 1816 ஏப்ரல் 16 அன்று 79 வயதில் இறந்தார். வொர்த் மாட்ராவர்ஸ் கிராமத்துத் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. நேர்மையான மனிதர், மாட்டம்மையைக் குத்தும் முறையை அறிந்தவரை முதலில் கொண்டுவந்தவர், மன உறுதியோடு மனைவிக்கும் இரு மகன்களுக்கும் 1774-ல் அதைச் செய்தவர் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எலிசபெத் 1824 வரை இருந்தார், இறக்கும்போது வயது 84. அன்று பிழைப்பாரா என்று பயந்தார்களே, அவர்தான்!

கேள்வி: எங்கள் வீட்டிலும் மாடு இருக்கிறது. மடியில் கொப்புளம் வந்தால் கையில் தொற்றினால் நல்லதுதானே?

வேண்டவே வேண்டாம். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-ல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது, அதற்காக இப்போது எதையும் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. மடியில் வரும் கொப்புளம் எதுவாகவும் இருக்கலாம். அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கையில் புண் வந்தால் மருத்துவரிடம் போகும்போது மாடு கறக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவராகக் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.