பழைய அமெரிக்கப் படங்களில் பேப்பர் விற்கும் பையன்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பி போட்டிருப்பது ஏன்? அது எங்கே கிடைக்கும்?

எங்கே கிடைக்கும் என்று கேட்பதைப் பார்த்தால், உங்கள் பிள்ளைக்கும் ஸ்கூலில் மாறுவேடம் போலிருக்கிறது. வாங்காதீர்கள். 22 டாலர் கொடுத்து ஏமாந்தவள் சொல்கிறேன்.

முதலில், அது பேப்பர் பையன்களின் யூனிஃபார்ம் இல்லை. வெறுந்தலையோடு யாரும் வெளியே போகாத காலம். வேலைக்குப் போன குழந்தைகளைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் 1908 முதல் எடுத்த படங்களைப் பாருங்கள், சுரங்கத்துப் பையன், மில் பையன் எல்லோர் தலையிலும் துணித்தொப்பிதான். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் போட்டார்கள். (வரலாறு படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், மாலுமித் தொப்பியும் இருந்தது, தெரியும்.)

போன வருஷம் என் மகனுக்கு வந்த தலைப்பு 1899 நியூயார்க் பேப்பர் பையன்கள் ஸ்ட்ரைக். பையன்கள் வாங்கி விற்கும் 100 பேப்பர் கட்டு 50 சென்ட்டாக இருந்ததை, அமெரிக்கா ஸ்பெயினோடு போரிட்ட சமயத்தில் 60 ஆக்கினார்கள். போர் முடிந்தும் பேப்பர் முதலாளிகள் ஹர்ஸ்ட்டும் புலிட்சரும் (ஆமாம், புலிட்சர் பரிசுக்காரர்தான்) குறைக்கவில்லை. இரண்டு வாரம் போராடியும் விலை இறங்கவில்லை. ஆனால் விற்காத பேப்பரைத் திருப்பி எடுத்துக்கொள்ள வைத்துவிட்டார்கள். சின்னப் பசங்க!

ஆன்லைனில் வந்த தொப்பி அவன் மூக்கு வரை இறங்கியது. மெஷினை எடுத்தேன். ஊரிலிருந்து அதைக் கொண்டுவந்தபோது, "அங்கே போய் யாருக்குத் தைக்கப் போறே?" என்று கேட்ட நாத்தனார் இதைப் படிக்கட்டும். இங்கே பேன்ட் அடி மடிக்கவே 18 டாலர் கேட்கிறார்கள், அதை யாரும் பேசுவதில்லை.

வீட்டுக்காரரின் பழைய கம்பளி பேன்ட்டை வெட்டினேன். குடைத் துணி மாதிரி எட்டுத் துண்டு. முதலில் பேஸ்பால் தொப்பி நினைப்பில் ஆறு வெட்டித் தொலைத்தேன். உச்சியில் எட்டுத் தையலும் ஒரே புள்ளியில் சேரவே இல்லை. மேலே பொத்தான் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. துணி சுற்றிய பொத்தானை வைத்து ஓட்டையை மூடினேன். முன்பக்க விளிம்பு விறைப்பாக நிற்க உள்ளே தயிர் டப்பா மூடி.

கைதட்டல் என்னவோ ரக்கூன் வால் தொப்பி போட்டு வந்த பையனுக்குத்தான். அது 1955இல் டேவி கிராக்கெட் என்ற அந்தக் கால அமெரிக்க வேட்டைக்காரரைப் பற்றிய டிவி தொடர் பார்த்துப் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய தொப்பி. அவன் கடையில் வாங்கியது.

தலைச் சுற்றளவைக் கமெண்டில் போடுங்கள், துண்டின் அளவு சொல்கிறேன். தையலுக்கு அரை இன்ச் விட மறக்காதீர்கள்.