மலை தாண்டி மகள் வீட்டுக்கு

கேள்வி: எனக்கு 61 வயது, கணவருக்கு 68. தென்காசியில் இருக்கிறோம். மகள் கோட்டயத்தில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒரு தடவை போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வருகிறோம். காரில் போனால் ஆரியங்காவு வருவதற்குள் எனக்கு வாந்தி. பஸ்ஸில் போனால் அவருக்கு ஒன்றுக்குப் போக வழியில்லாமல் தவிப்பு. போய்ச் சேர்ந்து இரண்டு நாள் படுத்தே கிடக்கிறோம். கார்தான் வசதி என்கிறாள் மகள். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு என் அத்தை ஞாபகம்தான் வந்தது. செங்கோட்டையிலிருந்து பெரியவர்களைக் கேரளக் கோயில்களுக்கு அழைத்துப் போய்வருவது என் தொழில். அதை ஆரம்பித்த புதிதில் அத்தையைக் கொல்லத்தில் ஒரு கல்யாணத்துக்குக் காரில் கூட்டிப்போனேன். பிரானூர் பார்டரில் நிறுத்தி ஆளுக்கு இரண்டு பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டோம். (செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்து எல்லை அது. 1956-இல் செங்கோட்டை இந்தப் பக்கம் வந்துவிட்டது, பார்டர் என்ற பெயர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.) புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறியதுமே பின்சீட்டில் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வண்டியை நிறுத்தச் சொல்ல அவருக்குக் கூச்சம். நான் திரும்பிப் பார்த்தபோது மடியில் வைத்திருந்த புடவைப் பை முழுக்க நனைந்திருந்தது. கல்யாண வீட்டில் அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை.

அன்றைக்குச் சாப்பாடு, உட்கார்ந்த இடம், கிளம்பிய நேரம் மூன்றையும் வழியில்தான் முடிவு செய்தோம். அப்போது புரிந்ததைத்தான் இன்றுவரை என் குழுக்களுக்குச் சொல்கிறேன்: உடம்பை அலுக்க வைப்பதில் தூரத்துக்குப் பாதிப் பங்குதான். எங்கே நிறுத்துவது, என்ன சாப்பிடுவது, யார் எங்கே உட்காருவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போவது மீதிப் பாதி. அதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் இருவருக்கும் ரயில்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குத் தேவையான கழிப்பறை பெட்டியிலேயே இருக்கிறது, யாரிடமும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். உங்களுக்கும் ரோட்டு வளைவு மாதிரி ரயில் வளைவு வயிற்றைப் பிரட்டாது. செங்கோட்டை - புனலூர் பாதை 1904-இல் மீட்டர் கேஜாக வந்தது, 2018-இல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். சரிவு கடுமையானது என்பதால் மலைப்பகுதி முழுக்க வண்டி மெதுவாகவே ஊரும். குகையைத் தாண்டி, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் மேல் போகும்போது கீழே ரோட்டில் கார்கள் வளைந்து வளைந்து ஏறுவதைப் பார்க்கலாம்.

வண்டி எது? பாலருவி எக்ஸ்பிரஸ் கோட்டயம் போகிறது, ஆனால் நம் பக்கத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும். இரண்டு மணிக்கு எழுந்து பிளாட்பாரத்தில் நிற்கும் வயது இல்லை உங்களுக்கு. மதுரை - குருவாயூர் எக்ஸ்பிரஸ் பகலில் மலை ஏறுகிறது, இரவுக்குள் கோட்டயம் வந்துவிடும். நான் அதைத்தான் எடுப்பேன். நேரம் அவ்வப்போது மாறும் என்பதால் முந்தின நாள் ரயில்வே விசாரணை எண் 139-இல் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை 60 நாள் முன்னாலேயே எடுக்கலாம். மாதாமாதம் போகிறவர்களுக்குத் தட்கல் எதற்கு? காலை பதினோரு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அந்தப் படபடப்பே ஒரு பயணத்தின் அலுப்பு. 60 தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. நீங்கள் இருவர் மட்டும் ஒரே டிக்கெட்டில் போகலாம். கூட மூன்றாவது ஆளைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஏசி வேண்டாம், சாதா ஸ்லீப்பர் எடுங்கள். மகள் சம்மதிக்க மாட்டாள் என்று தெரியும். ஆனால் மூடிய பெட்டியில் பக்கத்து இருக்கைக்காரர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தால் உங்கள் கதி என்ன? ஜன்னலைத் திறந்து வைத்துத் தென்மலைக் காட்டின் காற்றை வாங்கிக்கொண்டு போவதே குமட்டலுக்குப் பாதி மருந்து. வண்டி போகும் திசையைப் பார்த்து, ஜன்னல் ஓரமாக நீங்கள் உட்காருங்கள், அவர் எதிரில் உட்காரட்டும்.

வாந்தி ஏன் வருகிறது என்றால், காதுக்குள் சமநிலை பார்க்கும் உறுப்பு ‘உடம்பு ஆடுகிறது’ என்கிறது. போனையோ முன்சீட்டின் முதுகையோ பார்க்கும் கண் ‘ஆடவில்லை’ என்கிறது. மூளை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதனால் தூரத்தில் தெரியும் மலையைப் பாருங்கள். மலைப்பகுதி முடியும்வரை பேரனின் வீடியோவைப் பார்க்க வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, கையில் கொஞ்சம் இஞ்சி மிட்டாய், போதும். வாந்தி மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பயன் இருக்காது. ஒரு மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும், வேறு மாத்திரைகளோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். எனவே உங்கள் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

அவருடைய விஷயத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு வந்துவிடுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறாரா? நான் கூட்டிப்போகும் ஆண்களில் பலர் இதைச் செய்கிறார்கள். சாயங்காலம் தலைச்சுற்றல், கால் பிடிப்பு, மறுநாள் நீர்க்கடுப்பு. இரண்டு நாள் படுத்துக் கிடப்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம். மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே வரட்டும். நீர் மாத்திரை சாப்பிடுகிறவரானால், பயண நாளில் எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். அடிக்கடி போகவேண்டியிருப்பதற்குச் சர்க்கரையோ புராஸ்டேட்டோ காரணமா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் பை. மகளுக்கு முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், ஐந்து கிலோ அரிசி என்று கட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றே நினைக்கிறேன். அந்த அன்பைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அரிசியைப் பார்சலில் அனுப்புங்கள். ஆளுக்கு ஒரு பை. வீட்டில் அதைத் தோளில் மாட்டி ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நிற்க முடியவில்லையா, ஏதாவது ஒன்றை வெளியே எடுத்துவிடுங்கள்.

கார்தான் என்று ஆகிவிட்டால், விடிகாலையில் கிளம்பி நீங்கள் முன்சீட்டில் உட்காருங்கள். ‘தென்மலையில் ஒரு தடவை, புனலூரில் ஒரு தடவை நிறுத்தணும் தம்பி, வளைவில் மெதுவாப் போங்க’ என்று டிரைவரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். வளைவில் வைத்துச் சொல்ல உங்களுக்கும் கூச்சமாக இருக்கும்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளால் ஆரியங்காவு ரோடு நிரம்பிவிடும், ரயிலிலும் இடம் இருக்காது. அந்த இரண்டு மாதமும் மகள் இங்கே வரட்டும். ஜூன், ஜூலையில் கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கேரளத்தில் ஹர்த்தாலுக்கு (முழு அடைப்புக்கு) ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2019-இல் உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தாலும் திடீர் ஹர்த்தாலும் நடந்திருக்கிறது. கிளம்புமுன் மகளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

போய் இறங்கிய இரவு ஒன்றும் வேண்டாம். பேரனைத் தவிர யாரையும் பார்க்க வேண்டாம் என்று மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கஞ்சியும் பயறும் செய்து வைக்கட்டும், நம் வயிற்றுக்கும் அது ஒத்துவரும். வழியில் ஓட்டலில் ரோஸ் நிறத்தில் தண்ணீர் வைத்தால் தயங்க வேண்டாம். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்தது, பச்சைத் தண்ணீரைவிட அதுதான் நல்லது. ‘சூடுவெள்ளம்’ என்று கேட்டால் கொண்டுவருவார்கள்.

திரும்பும் டிக்கெட்டையும் போகும் டிக்கெட் எடுக்கும்போதே பார்த்து வைத்துவிடுங்கள். முதல் தடவை மூன்று இரவாவது தங்கும்படி தேதி போடுங்கள்.