குச்சியைப் பிடிக்கிறானா, நெரிக்கிறானா?

கேள்வி: மேலூர் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மகன் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு வருடமாக எங்கள் கோவில் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். பள்ளிக் கலைக்குழுவில் பறையும் அடிப்பான். ஈஸ்டருக்குப் பிறகு வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் உரிந்துவிட்டது. இடது கைக் குச்சி அடிக்கடி பறந்துபோகிறது. இடது கையில் குச்சியைக் கீழிருந்து ஏந்தும் டிரடிஷனல் கிரிப் பிடித்தால்தான் கிரேடு தேர்வில் மதிப்பு என்கிறார் வகுப்பெடுக்கும் மாஸ்டர். பிரெஞ்ச் கிரிப்தான் வேகம் என்கிறது யூடியூப். உறவினர் ஒருவர் தடித்த குச்சியும் கையுறையும் வாங்கச் சொல்கிறார், தெரிந்த கடையில் புது செட்டே முடித்துத் தருகிறேன் என்கிறார். எந்தப் பிடி கைக்கு நல்லது?

பதில்: டீச்சர், கையுறை வேண்டாம். இதை மட்டும் இன்றைக்கே அந்த உறவினரிடம் சொல்லிவிடுங்கள், மற்றதைப் பொறுமையாகப் பேசுவோம். இறுக்கிப் பிடித்த குச்சி கைக்குள் கிடந்து உரசுவதால்தான் தோல் உரிகிறது. கையுறை போட்டால் உரசல் தெரியாது, ஆனால் நெரிக்கிற கை நெரித்துக்கொண்டேதான் இருக்கும். இப்போதைக்குப் பையனுக்குச் சரியாகப் பாடம் எடுக்கிற ஒரே ஆள் அந்த வலிதான். அதன் வாயைப் பொத்தாதீர்கள்.

பிடிகளின் பெயரைக் கேட்டு மிரள ஒன்றுமில்லை. இரண்டு கையும் ஒரே மாதிரி பிடித்தால் மேட்ச்டு கிரிப். அதில் உள்ளங்கை தரையைப் பார்த்தால் ஜெர்மன், கட்டைவிரல் கூரையைப் பார்த்தால் பிரெஞ்ச், இரண்டுக்கும் நடுவே சாய்ந்திருந்தால் அமெரிக்கன். ஜெர்மனில் மணிக்கட்டு உழைக்கும், அடி கனமாக விழும். பிரெஞ்சில் விரல்கள் உழைக்கும், அடி லேசாகவும் வேகமாகவும் வரும். நன்றாக வாசிக்கிற கை ஒரே பாட்டுக்குள் மூன்றுக்கும் போய்வரும். முன்னால் இருக்கும் சின்ன டிரம்மான ஸ்னேரில் நடுவாக்கில் இருந்த கை, பக்கத்தில் நிற்கும் வட்டத் தகடான ரைடு சிம்பலுக்குப் போகும்போது தானாகவே கட்டைவிரல் மேலே வரத் திரும்பும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் மகன் அந்த நடுப்பிடியில், அதாவது அமெரிக்கனில் தொடங்கட்டும்.

ஆனால் பெயரைவிட முக்கியம், குச்சியில் எந்த இடத்தைப் பிடிக்கிறான் என்பது. இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பயிற்சிப் பேட் இருந்தால் அதன்மேல் செய்யலாம். இல்லாவிட்டால் ஒரு பலகையில் லாரி டியூப்பை இழுத்து ஆணியடித்துக்கொள்ளுங்கள். என்னுடைய முதல் பேட் அதுதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் குச்சியைத் தொட, மற்ற மூன்று விரலையும் விரித்துக்கொண்டு குச்சி நுனியை ஒரே ஒரு தடவை ரப்பர்மேல் விழவிடச் சொல்லுங்கள். அடிக்கக் கூடாது, விழவிட வேண்டும். எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். அடிக்கட்டையின் கடைசியைப் பிடித்தால் இரண்டு மூன்று துள்ளலில் செத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் பிடித்துப் பார்த்தால் ஓரிடத்தில் ஏழெட்டு முறை துள்ளும். 16 அங்குலக் குச்சியில் அந்த இடம் பெரும்பாலும் அடிமுனையிலிருந்து ஐந்து, ஐந்தரை அங்குலத்தில் வரும். அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உட்கார வேண்டிய இடம் அதுதான். கட்டைவிரல் குச்சியின் பக்கவாட்டில் படிய வேண்டும். மற்ற மூன்று விரலும் குச்சியைச் சும்மா தொட்டுக்கொண்டு கூடவே போகும். அவை பிடிக்க வேண்டாம், குச்சி திரும்பி வரும்போது வழிவிட்டால் போதும். குச்சியின் அடி உள்ளங்கை ஓரத்தில் கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும்.

தோல் உரிந்த இடம் இரண்டு விரலும் சேரும் கவட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் குச்சி விரல் நுனிப் பக்கம் இல்லாமல் கவட்டைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. குச்சியைக் கவட்டையிலிருந்து வெளியே எடுத்து, கட்டைவிரலின் சதைப்பகுதிக்கும் ஆள்காட்டி விரலின் முதல் மடிப்புக்கும் நடுவே வையுங்கள். முதல் வாரம் குச்சி நழுவும். நழுவட்டும், இறுக்காமல் இருக்கக் கை பழகுகிறது என்று அர்த்தம்.

இடது கைக்கு வருவோம். மற்ற பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு சங்கதி உங்கள் மகனிடம் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

பறையில் இரண்டு குச்சியும் ஒன்றல்ல. வலது கையில் கட்டையான அடிக்குச்சி. இடது கையில் மெல்லிய நீள மூங்கில் சிம்பு, அதைச் சிண்டுக்குச்சி என்பார்கள். அந்த இடது கைக்கு இரட்டை வேலை. பறையின் சட்டத்தைத் தாங்கிக்கொண்டே விரலால் சிம்பைத் தட்ட வேண்டும். அதனால் பறை பழகியவனின் இடது கட்டைவிரலுக்கு ஒரு கடமையுணர்ச்சி உண்டு: ஏதாவது ஒன்றை அழுத்திக்கொண்டே இருக்கும். டிரம்ஸில் அழுத்த ஒன்றுமே இல்லை. ஸ்னேர் தன் ஸ்டாண்டில் தானே நிற்கிறது. கட்டைவிரலுக்கு அது தெரியாது. சட்டம் என்று நினைத்துக் குச்சியை அழுத்துகிறது. அரைமணி நேரத்தில் முன்கை சோர்ந்து விரல் தானாகத் திறந்துகொள்கிறது, குச்சி பறக்கிறது. பையன் அதைப் பிடிமானம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்குவான். மறுபடி பறக்கும்.

இதற்காகப் பறையை நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். என்னிடம் வந்த பிள்ளைகளில் பறை அடித்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் தாளம் உடம்பில் இருந்தது. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தக் கலை நம் மாவட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கைக்கு ஓர் இடைவெளி கொடுத்தால் போதும். பறை அடித்த அன்றே டிரம்ஸில் உட்கார்ந்தால், முதல் ஐந்து நிமிடம் இடது கை மட்டும் தனியாகக் குச்சியை விழவிட்டு எடுக்கட்டும். கட்டைவிரலை அவ்வப்போது குச்சியிலிருந்து முழுசாகத் தூக்கிப் பார்க்கட்டும். குச்சி கீழே விழாமல் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கிடந்தால் சரி. ஆறேழு வாரத்தில் கை இரண்டு வாத்தியத்தையும் பிரித்தறிந்துகொள்ளும். தவில்காரர்களைப் பாருங்கள், ஒரு கை விரல்களில் கூடு, மறு கையில் கழி. இரண்டு கைக்கு இரண்டு புத்தி இருப்பது நம் ஊருக்குப் புதிதில்லை.

மாஸ்டர் சொல்லும் டிரடிஷனல் கிரிப் தோளில் வார் போட்டுத் தொங்கவிட்ட டிரம்முக்காக வந்தது. பட்டாளத்தில் நடந்துகொண்டே அடித்தபோது டிரம் ஒருபக்கம் சாய்ந்து தொங்கியது. மேடேறி நின்ற இடப்பக்க விளிம்பைத் தாண்ட, இடது கைக் குச்சியைக் கீழிருந்து ஏந்திப் பிடித்தார்கள். பிற்பாடு உட்கார்ந்து வாசித்த ஜாஸ்காரர்களும் அதை விடவில்லை. 1964-ல் பீட்டில்ஸ் இசைக்குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தபோது அதன் டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டார் இரண்டு கையையும் ஒரே மாதிரி பிடித்து வாசித்தார். அதைப் பார்த்து அப்படியே பிடித்த பையன்கள் கணக்கில்லை. டிரடிஷனலும் அழகான பிடிதான், நானும் ஆசைக்கு வாசிப்பேன். ஆனால் ஏற்கெனவே குழம்பியிருக்கிற இடது கைக்கு மூன்றாவதாக ஒரு பிடியா? வேண்டாம். தேர்வில் மதிப்பு என்பதெல்லாம் கதை. தேர்வாளர் பார்ப்பது காலப்பிரமாணம், அதாவது வேகம், மாறாமல் நிற்கிறதா, சத்தம் சீராக வருகிறதா என்பதை.

கிரேடு பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். பெற்றோரிடம் தேர்வுக் கட்டணத்துக்கு மேல் 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்று இன்னொரு தொகை வாங்கிக்கொண்டு, மூன்று பாட்டை மட்டும் உருப்போட வைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிற கூட்டம் பெருத்துவிட்டது. நாலாவது கிரேடு முடித்த ஒரு பையன் என்னிடம் வந்தான். நாலாவது பாட்டு வாசி என்றேன், முழித்தான். கட்டண ரசீது தேர்வு நடத்துகிறவர்களின் பெயரில் வருகிறதா, மாஸ்டர் பெயரில் வருகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் பாட்டு பீரியட் என்று அட்டவணையில் இருக்கும், கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. நீங்களும் டீச்சர்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குச்சி விஷயம். தடித்த குச்சி வேண்டாம். 5ஏ என்று போட்டிருக்கும் குச்சி 16 அங்குல நீளம், ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் தடிமன். ஒன்பதாம் வகுப்புக் கைக்கு அது போதும். விரல் சின்னதாக இருந்தால் 7ஏ. 5பி அதைவிடத் தடிமன், இப்போது தேவையில்லை. கடையில் பிராண்டு பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெயரை அச்சடிக்க அதிகம் செலவாகாது. கண்ணாடி மேஜைமேல் குச்சியை உருட்டுங்கள். தடதடவென்று குதித்து உருண்டால் வளைந்த குச்சி. பிறகு இரண்டையும் ஒவ்வொன்றாக மேஜையில் தட்டுங்கள். ஒன்று 'டக்', மற்றது 'டொக்' என்றால் அது ஜோடியே இல்லை, இரண்டு அநாதைகளைச் சேர்த்து உறையில் போட்டிருக்கிறார்கள். மர ரேகை குச்சியின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும், குறுக்கே வெட்டிப் போனால் அந்த இடத்தில் முறியும். உருட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

உறவினர் புது செட் 'முடித்துத் தருகிறேன்' என்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நான் வகுப்பு தொடங்கிய காலத்தில் ஒரு கடைக்காரர் தேடி வந்து, அனுப்புகிற ஒவ்வொரு பையனுக்கும் இவ்வளவு என்று கணக்குச் சொன்னார். வேண்டாம் என்றேன். அடுத்த மாதமே அந்தக் கணக்கை ஒத்துக்கொண்ட இன்னொரு மாஸ்டரின் மாணவர்கள் எல்லோர் கையிலும் ஒரே மாதிரித் தடித்த குச்சி, ஒரே மாதிரிக் கையுறை. உங்கள் உறவினர் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் செட்டுக்கும் கைத்தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடமே கேளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. ஈஸ்டருக்குப் பிறகு என்று எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க உங்கள் கோவிலில் டிரம்ஸைத் துணி போட்டு மூடிவைத்திருப்பார்களே? நாற்பது நாள் சும்மா இருந்த கைத்தோல் இளகிப்போயிருக்கும். பிறகு ஒரே ராத்திரியில் ஈஸ்டர் இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு, விடிந்ததும் மறுபடி பூசை. உரியாமல் என்ன செய்யும்? அடுத்த தவக்காலத்தில் வீட்டு ரப்பர் பேடில் தினமும் கால்மணி நேரம் தட்டிவரட்டும்.

கோவிலில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கீபோர்டும் பாட்டும் ஸ்பீக்கர் வழியாக அதிரும், டிரம்ஸுக்குப் பெரும்பாலும் மைக் இருக்காது. தன் அடி தனக்கே கேட்காத பையன் ஓங்கி அடிப்பான், ஓங்க ஓங்க இறுக்குவான். எந்தப் பிடியாலும் இதைத் தீர்க்க முடியாது. ஒரு ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பி வைக்க பாடகர் குழு அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள். சவுண்டுக்காரரிடம் சொல்லிப் பயனில்லை, எனக்கு அதில் முப்பது வருட அனுபவம்.

புண் ஆறும்வரை வாசிப்பு வேண்டாம், நாலைந்து நாள் போதும். தோல் ஆறிய பிறகும் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலித்தாலோ, ராத்திரியில் விரல்கள் மரத்துப்போனாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டு நீவுகிறவரிடம் போகாதீர்கள்.

கடைசியாக ஸ்டூல். கோவில் செட்டைப் பலபேர் வாசிப்பார்கள், வளர்ந்த ஆள் வைத்த உயரத்தில் உங்கள் மகன் தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தொடை இடுப்பிலிருந்து சற்றே கீழ்நோக்கிச் சரிய வேண்டும், ஸ்னேர் விளிம்பு தொடைக்கு மேலே மூன்று நான்கு விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும். சரியான உயரம் கிடைத்ததும் ஸ்டூல் தண்டில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள். சிவப்பு டேப்பாக இருக்கட்டும், கறுப்பு ஒட்டினால் தெரியாது.